கூட வந்த ஆள்

எங்கள் ஐயாவுக்கு ஒரு கட்டி இருந்தது. அது எந்த இடத்தில் இருந்தது என்பதை ஊருக்கு மறைக்க அந்த மனிதர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாவிட்டால் கதை நகராது. கதிரையில் உட்காரும்போது மனிதனுக்கும் பலகைக்கும் நடுவே அகப்படுகிற இடம். அதில் வலப்பக்கம்.

பரமலிங்கம் என்றால் எங்கள் கொலனியில் தெரியாத ஆள் கிடையாது. யாழ்ப்பாணத்தில் இருந்து காடு வெட்ட வந்து குடியேறிய முதல் ஆட்களில் ஒருவர். வாய்க்கால் தண்ணீரில் யாருக்கும் யாருக்கும் இடையே பிணக்கு வந்தால் தீர்த்து வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு அந்தக் கட்டி முழங்காலிலோ முதுகிலோ வந்திருந்தால் கொலனி முழுவதையும் கூப்பிட்டுக் காட்டி, அதற்கு ஒரு வரலாறும் சொல்லியிருப்பார். அது மரியாதை தெரியாத கட்டி. வந்து நின்ற இடம் அப்படி.

ஆகவே அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. கதிரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரத் தொடங்கினார். சைக்கிளில் போகும்போது பாதித் தூரம் எழுந்து நின்றே மிதித்தார். "என்ன ஒரு பக்கமாய்ச் சரிஞ்சு இருக்கிறியள்?" என்று அம்மா கேட்டால், "காத்து வரட்டும் எண்டுதான்" என்பார். எந்தக் காற்று, எங்கே வர வேண்டும் என்று அம்மா மேற்கொண்டு கேட்பதில்லை. அன்னபாக்கியம் என்ற பெயருக்கு ஏற்ற பொறுமைசாலி என் அம்மா. அந்தப் பொறுமையில் ஒரு துளியும் என்னிடம் வந்து சேரவில்லை என்று அவவே அடிக்கடி சொல்லுவா.

இந்த நேரத்தில்தான் எனக்குச் சம்பந்தம் வந்தது. கண்டாவளை வீரகத்தியாரின் மகன் யோகநாதன். அவரைப் பற்றி என் காதுக்கு எட்டியவை: வயல் இருக்கிறது, உழவு இயந்திரத்தில் பங்கு இருக்கிறது, சாதகம் நன்றாகப் பொருந்துகிறது. எட்டாதவை மிச்சமெல்லாம். கோபம் வந்தால் கோப்பையைத் தூக்கி எறிகிற ஆளா, பகிடி சொன்னால் விளங்குமா, ஒன்றும் தெரியாது. நான் அப்போது கொலனிப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிவரி படிப்பித்துக்கொண்டிருந்தேன். கண்டாவளைக்குப் போனால் அது தொடருமா, அடுப்படியோடு நின்றுவிடுமா என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பெரிய கவலை. அதை யாரிடம் கேட்பது? "நேசமலர், உனக்கு இது விருப்பமோ?" என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. சாதகத்தைக் கேட்டார்கள். மாமாவைக் கேட்டார்கள். நாள் பார்க்கிறவரைக் கேட்டார்கள். வியாழக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள், அதுவும் வீட்டைக் கூட்டி மெழுக வேண்டுமே என்பதற்காக.

எங்கள் பகுதியில் ஒரு வழக்கம். சம்பந்தம் பேச வந்தவர்களோடு வீட்டுக்காரன் சரிசமமாக உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சு சரிவந்தால் இரண்டு தகப்பன்மாரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதுதான் சம்மதம். வீட்டுக்காரன் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தானென்றால், எங்களுக்கு விருப்பமில்லை, வந்த வழியே போங்கள் என்று வாயைத் திறக்காமல் சொல்கிறான் என்று அர்த்தம். வீரகத்தியாரோ பேச உட்கார்ந்தால் கிழக்கே நின்ற வெயில் மேற்கே போகும்வரை எழும்பாதவர் என்று பெயர் எடுத்தவர்.

ஐயா யோசித்தார். ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. வியாழனுக்கு முன் கட்டியை எடுத்துவிட வேண்டும். சபையில் நிமிர்ந்து, மிடுக்காக உட்கார வேண்டும். இதற்காகத்தான் அவர் ஒப்பறேசனுக்குப் போனார் என்பதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

துணைக்கு அவர் பிடித்த ஆள், எல்லாரும் அண்ணன் முறையில் கூப்பிடுகிற யஹ்யா நானா. நெல் வாங்கி விற்கிற வியாபாரி, ஐயாவின் பழைய கூட்டாளி. ஒரு கிழட்டு லொறியும் தங்கமான மனமும் வைத்திருந்தார். "அன்னத்துக்கோ பிள்ளைக்கோ இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு" என்று ஐயா கிணற்றடியில் வைத்துக் கேட்க, யஹ்யா நானாவும் அல்லாவின் மேல் சத்தியம் பண்ணினார். பிறகு புதன்கிழமை காலை, வயலுக்குப் பசளை பார்க்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் பட்டணத்து ஆசுப்பத்திரிக்குப் புறப்பட்டார்கள்.

அங்கே நடந்ததை யஹ்யா நானா பிற்பாடு எனக்கு விலாவாரியாகச் சொன்னார். டொக்டர் கட்டியைப் பார்த்தார். "வெட்டி எடுக்கலாம்" என்றார். ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டொக்டர், எப்ப வீட்டை போகலாம்?"

"இண்டைக்குப் பின்னேரமே போகலாம்."

அவ்வளவுதான். ஐயாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு ஆசுப்பத்திரி என்றால் படுக்க வேண்டும். பாயும் தலையணையும் கட்டிக்கொண்டு போய், ஒரு கிழமை படுத்து, ஊரிலிருந்து சோற்றுப் பொட்டலம் வந்து, பார்க்க வந்தவர்கள் தோடம்பழம் கொடுத்தால்தான் அது நோய், வருத்தம் எல்லாம். காலையில் போய்ப் பின்னேரம் திரும்புகிற ஒன்றைத் தலைமயிர் வெட்டுகிற கணக்கில்தான் ஐயா வைத்தார். வெட்டினால் எப்படி ஆறும், எத்தனை நாள் எடுக்கும், என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, ஒன்றும் கேட்கவில்லை. டொக்டரும் சொல்லவில்லை. கேட்காத ஆளுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று டொக்டரும், முக்கியமானது இருந்தால் அவரே சொல்லியிருப்பார் என்று ஐயாவும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் படு மரியாதைக்காரர்கள்.

ஐயாவைக் குப்புறப் படுக்கவைத்து, விறைக்க ஊசி போட்டு, கட்டியை வெட்டி எடுத்து, இழை போட்டுத் தைத்தார்கள். அந்த நேரம் முழுவதும் டொக்டரும், மிஸி என்று எல்லாரும் கூப்பிடுகிற தாதியும் அவருடைய முதுகுக்கு மேலால் இங்கிலிசில் பேசிக்கொண்டார்கள். ஐயா கட்டிலின் இரும்புக் காலைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு திரைச்சீலைக்குப் பின்னால் அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கையில், மிஸி வெளியே வந்தா.

"பரமலிங்கத்தோட கூட வந்த ஆள் ஆர்?"

யஹ்யா நானா கையை உயர்த்தினார்.

"ஒரு கிழமைக்கு அவர் குந்தக்கூடாது. நிக்கலாம், நடக்கலாம், படுத்தால் குப்புறப் படுக்கவேணும். குந்தினால் இழை விட்டுப்போகும். தண்ணி படக்கூடாது. காய்ச்சல் வந்தாலோ ரத்தம் கசிஞ்சாலோ உடனை கூட்டிக்கொண்டு வாங்கோ. அடுத்த புதன் இழை வெட்டுறது. விளங்கிச்சுதே?"

"விளங்கிச்சுது மிஸி."

மிஸி அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டா. அவவின் வேலை முடிந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது, அதுவும் நல்ல தெளிவாக. வெட்டுப்பட்ட ஆளுக்குச் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் குறை. வெட்டுப்பட்டவர் சீலைக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், வேட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களாவது ஐயாவிட்டைச் சொல்லியிருக்கலாமே நானா?" என்று நான் கேட்டதற்கு யஹ்யா நானா சொன்ன பதில் இது:

"வருத்தக்காரனிட்டை உதுகளைச் சொல்லுறதே மகள்? மனம் விட்டுப்போகுமெல்லே. நாளைக்குச் சபையிலை குந்தப்போறன், குந்தப்போறன் எண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டுக்கொண்டு வாறார். அந்த முகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்லுறது?"

ஆகவே அவர் சுற்றிவளைத்து ஒரு வழி பார்த்தார். "அண்ணை, முன்னாலை வெக்கையாக் கிடக்கு. பின்னாலை சாக்கை விரிச்சுவிடுறன், குப்புறப் படுத்து வாருங்கோவன்" என்றார். "நான் என்ன நெல்லு மூட்டையோ?" என்று கேட்டுவிட்டு ஐயா முன் ஆசனத்தில் ஏறி, மாதக்கணக்கில் இல்லாதபடி நேராக, முழுப் பாரத்தையும் வைத்து உட்கார்ந்தார். ஊசி விறைப்பு இன்னும் விடவில்லை. நோவே இல்லை. "பாத்தியே யஹ்யா! ஒண்டுமில்லை! வீணாய் இவ்வளவு நாளும் பயந்திட்டன்!" என்று வழி முழுவதும் டொக்டரைப் புகழ்ந்துகொண்டு வந்தார். யஹ்யா நானா ஒவ்வொரு பள்ளத்திலும் லொறியை நத்தை வேகத்தில் இறக்கி ஏற்றினார்.

பெரிய மதகு தாண்டியதும் புகழ்ச்சி குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. பிறகு, "யஹ்யா, லொறியை ஒருக்கா நிப்பாட்டு" என்றார் ஐயா.

எங்கள் ஒழுங்கைக்குள் லொறி திரும்பியபோது நான் படலையடியில் நின்றேன். ஐயா பின்பெட்டியில், கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றபடி வந்தார். தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிற ஆள் மாதிரியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கும்பிட்டார். ஐயா தலையை மட்டும் அசைத்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட்டார். "நிண்டு சாப்பிட்டால் செமிக்கும்" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் கறியைப் போட்டா. எனக்குத்தான் வாய் சும்மா கிடக்கவில்லை. லொறியில் சாக்கு மடிக்கிற சாட்டில் இன்னும் போகாமல் நின்ற யஹ்யா நானாவிடம் போனேன்.

"நானா, ஐயாவுக்கு என்ன?"

"சத்தியம் பண்ணியிருக்கிறன் மகள். ஒரு சொல்லும் சொல்லமாட்டன்."

"நீங்கள் சொல்ல வேண்டாம். நான் கேக்கிறன், நீங்கள் தலையை மட்டும் ஆட்டுங்கோ."

யஹ்யா நானா வானத்தைப் பார்த்து யோசித்தார். தலையாட்டுவது சொல்லில் அடங்காது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். உள்ளுக்குள் அடைத்து வைத்திருந்தது அவரையும் போட்டு அழுத்தியது. மெல்லத் தலையை ஆட்டினார்.

"பசளை பாக்கவோ போனனீங்கள்?" இல்லை. "ஆசுப்பத்திரிக்கோ?" ஓம். "வெட்டினதோ?" ஓம். "கழுத்திலையோ?" இல்லை. "முதுகிலையோ?" இல்லை. யஹ்யா நானா முகவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தினார். "இடுப்பிலையோ?" இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவரும் நிலத்தைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

குந்தக்கூடாது என்ற விசயமும் இப்படியே தலையாட்டலில் வெளியே வந்தது. அது வந்ததும் நான் நேரே குசினிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா அகப்பையை வைத்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றா. ஒரு பக்கம் சரிந்து உட்காரத் தொடங்கிய நாள் முதலே தெரியுமாம்.

"அப்ப ஐயாவிட்டைப் போய்ச் சொல்லுவம் அம்மா. ஒரு கிழமை குந்தக்கூடாது எண்டு அவருக்குத் தெரியாது."

"சொல்லாதை. எங்களுக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால் அந்த மனிசன் வெக்கத்திலை நாளைக்குச் சபைக்கே வராது."

"குந்தினால் இழை அறுந்துபோமெல்லே?"

"குந்தமாட்டார். நோகுந்தானே."

இப்படியாக, ஐயாவின் பின்பக்கத்து நிலைமை டொக்டருக்குத் தெரியும், மிஸிக்குத் தெரியும், யஹ்யா நானாவுக்குத் தெரியும், அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். அதைச் சுமந்துகொண்டு முற்றத்தில் மேலும் கீழும் நடந்த மனிதருக்கு மட்டும் தெரியாது. அவர் தன்பாட்டில், "இண்டைக்கே வீட்டை போக விட்டவை எண்டால் என்ன பெரிய காயமே? விடியச் சரியாப்போம்" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. எனக்கு அம்மா மேலும் கோபம், யஹ்யா நானா மேலும் கோபம், ஐயா மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

விடிந்தது. சரியாகவில்லை.

வீரகத்தியார், அவருடைய மனைவி, மகன், மைத்துனர் என்று நாலு பேர் வந்தார்கள். யஹ்யா நானாவும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து விறாந்தை மூலையில் நின்றார். அயலில் இரவல் வாங்கிய கதிரைகளை நான் காலையிலேயே துடைத்து வரிசையாக வைத்திருந்தேன். நான் உள்ளே, கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். கூப்பிடும்போது தேத்தண்ணித் தட்டோடு வர வேண்டும் என்பது ஏற்பாடு.

"வாங்கோ, வாங்கோ. இருங்கோ" என்றார் ஐயா.

"நீங்கள் முதல் இருங்கோ" என்றார் வீரகத்தியார்.

"சீச்சீ, வந்தனீங்கள் இருங்கோ."

"வீட்டுக்காரர் நிக்க நாங்கள் எப்பிடி இருக்கிறது?"

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. எல்லாரும் அவற்றைச் சுற்றி நின்றார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள், நின்றுகொண்டு. குளத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள், நின்றுகொண்டு. வெள்ளாமையைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது வீரகத்தியாரின் மனைவி ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றா. கூப்பிடாமலே அம்மா தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தா. அதையும் நின்றுகொண்டே குடித்தார்கள். சீலையின் இடுக்கால் பார்த்தபோது யோகநாதன் என்ற அந்த மனிதர் வெறும் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எறிகிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

வீரகத்தியாரின் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது. மனைவி அவருடைய காதுக்குள் ஏதோ சொன்னா. அவர் கோப்பையை வெறும் கதிரையின் மேல் வைத்தார்.

"பரமலிங்கத்தார், விருப்பமில்லை எண்டால் ஆளிட்டைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை."

ஐயாவின் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, அப்பிடியில்லை" என்றார். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மகளின் கலியாணம் போகும். அவர் கதவுச் சீலையைப் பார்த்தார். நான் பின்னால் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். பிறகு கதிரையைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கதிரைச் சட்டத்தைப் பிடித்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கினார். நெற்றியில் வியர்வை அரும்பியது.

எனக்காகத்தான் உட்காரப் போகிறார். எனக்கு அது தாங்கவில்லை. சீலையைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"ஐயா, குந்தாதேங்கோ! இழை அறுந்துபோம்!"

பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை நன்றாகவே பார்த்தார்கள். தலையைப் பாதி வாரி இழுத்தபடி, கையில் தட்டும் இல்லாமல், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நின்றேன். ஐயா அரைவாசி இறங்கிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். யஹ்யா நானா பாய்ந்து போய் அவரைத் தூக்கி நிமிர்த்தினார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. நான் வீரகத்தியாரைப் பார்த்துச் சொன்னேன்.

"ஐயாவுக்கு நேற்றுத்தான் ஒப்பறேசன் செய்தது. குந்துற இடத்திலை கட்டி. ஒரு கிழமைக்குக் குந்தக்கூடாதாம். விருப்பமில்லாமல் நிக்கேல்லை."

நான் ஐயாவின் திட்டுக்குக் காத்து நின்றேன். அவர் திட்டவில்லை. வெட்கப்படவும் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு கிழமையோ? உனக்கு ஆர் சொன்னது?"

"யஹ்யா நானா."

"சொல்லேல்லை, தலைதான் ஆட்டினனான்" என்றார் யஹ்யா நானா மூலையிலிருந்து.

"யஹ்யா, உனக்கு ஆர் சொன்னது?"

"மிஸி சொன்னவா அண்ணை. கூட வந்த ஆள் ஆர் எண்டு கேட்டுச் சொன்னவா."

"அன்னத்துக்கும் தெரியுமோ?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. ஐயா எங்கள் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெட்டினது எனக்கு. தைச்சது எனக்கு. நோகிறதும் எனக்கு. எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. நேற்றே சொல்லியிருந்தால் இவையளை அடுத்த கிழமை வரச் சொல்லியிருப்பனே! நான் என்ன, லொறியிலை ஏத்தி இறக்கிற சாமானோ?"

அதில் கோபத்தைவிட மனவருத்தம்தான் கூட இருந்தது. யஹ்யா நானா தலையைக் குனிந்துகொண்டார். "பிழைதான் அண்ணை" என்றார்.

முதலில் அசைந்தவர் வீரகத்தியார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிப்பு. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, தன் கதிரையைக் காலால் சுவரோரம் தள்ளினார்.

"அண்ணை, நீங்கள் நில்லுங்கோ. நாங்களும் நிக்கிறம். நிண்டுகொண்டு பேசினால் என்ன, கலியாணம் நடவாதோ? எங்களுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. தகப்பனுக்காகச் சபைக்கு முன்னாலை ஓடி வாற பிள்ளை. எங்கடை பக்கம் சரி. உங்கடை முடிவைச் சொல்லுங்கோ."

ஐயா வாயைத் திறந்தார். ஓம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். அதற்காகத்தானே கட்டியையே வெட்டினார். ஆனால் அந்த வாய் அப்படியே நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"என்னைக் கேளாதேங்கோ" என்றார். "போகப்போறது அவள். அவளிட்டை நாங்கள் ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லை. நேசம், நீ சொல்லு. ஏதும் கேக்கக் கிடந்தாலும் கேள்."

அம்மா, "என்ன கதை இது?" என்று மெல்லச் சொன்னா. வீரகத்தியாரின் மனைவி புருவத்தை உயர்த்தினா. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஊர் முழுவதும் வாயாடி என்று பெயர் எடுத்தவளுக்கு வந்த நேரம் பாருங்கள். கடைசியில் யோகநாதனின் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தபடி கேட்டேன்.

"நான் இஞ்சை சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனான். கண்டாவளையிலையும் படிப்பிக்கலாமோ?"

அவர் தகப்பனைப் பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"எனக்கு அது விருப்பந்தான். அங்கத்தைப் பள்ளிக்கூடத்திலை இடம் இருக்கோ எண்டு தெரியேல்லை. தெரியாமல் ஓம் எண்டு சொல்லக்கூடாது. பெரிய வாத்தியாரைக் கேட்டுக்கொண்டு வந்து சொல்லுறன்."

தெரியாது என்று அவ்வளவு லேசாகச் சொன்ன ஆம்பிளையை நான் அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன். "அப்ப கேட்டுக்கொண்டு வாங்கோ. வந்த பிறகு நான் சொல்லுறன்" என்றேன். வீரகத்தியாருக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. பாய் விரிக்கவில்லை. அம்மா வடையையும் பாயாசத்தையும் கொண்டுவர, எல்லாரும் விறாந்தையில் நின்றபடியே சாப்பிட்டார்கள். கண்டாவளையில் இன்றைக்கும் எங்களை நின்று பேசிய சம்பந்தம் என்றுதான் சொல்வார்கள்.

யோகநாதன் ஞாயிற்றுக்கிழமையே சைக்கிளில் வந்தார். மத்தியான வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. பெரிய வாத்தியார் தை மாதத்துக்கு ஒரு ஆள் தேடுகிறாராம், என்னை வந்து காணச் சொன்னாராம். நான் ஓம் என்றேன். எதற்கு ஓம் என்று அவர் கேட்கவில்லை. அவ்வளவு விளங்காத ஆளில்லை.

அடுத்த புதன் இழை வெட்டப் போகும்போது ஐயா அம்மாவுக்குச் சொல்லி, எனக்குச் சொல்லி, படலையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். யஹ்யா நானா லொறியின் பின்பெட்டியில் சாக்குக்கு மேல் ஒரு தலையணையும் போட்டிருந்தார். ஐயா மறுபேச்சில்லாமல் குப்புறப் படுத்தார். நானும் பக்கத்தில் இருந்து போனேன். வழிநெடுக அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே வந்தன. தேவாரம் சொல்கிறாராக்கும் என்று குனிந்து கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விகளைப் பாடமாக்கிக்கொண்டு வந்தார்.

அதே மிஸிதான் இழையை வெட்டினா. புண் நன்றாக ஆறியிருக்கிறது, ஒரு இழை மட்டும் இழுபட்டிருக்கிறது என்று அவவும் டொக்டரும் இங்கிலிசில் பேசிக்கொண்டது எனக்கு அரைகுறையாக விளங்கியது. பிறகு மிஸி மருந்துத் தட்டை மூடிவிட்டு, சீலையை விலக்கி, நாங்கள் நின்ற பக்கம் எட்டிப் பார்த்தா.

"பரமலிங்கத்தோட கூட வந்த ஆள் ஆர்?"

யஹ்யா நானா கையை உயர்த்தவில்லை. என்னைப் பார்த்தார். நான் உயர்த்தலாமா என்று யோசிப்பதற்குள், மிஸிக்குப் பின்னால் கட்டிலில் குப்புறக் கிடந்த ஐயா தலையைத் தூக்காமலே ஒரு கையை உயரத் தூக்கினார்.

"நான்தான் பிள்ளை. எனக்குச் சொல்லுங்கோ."